வளவு வீட்டில் தீப்பிடித்தால்? – வாசகர் கேள்வி பதில்

(தீயணைப்பு பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, இந்தப் பக்கத்து நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நிலைய அலுவலர் ஒருவர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டித்தான் கிடக்கிறது. பங்காளிகள் எல்லாரும் வெளியூர், வெளிநாடு. படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு), கல்யாணம் என்றால் திறப்போம். முழுக்க பர்மா தேக்கு. ஒரு பொறி விழுந்தால் வீடே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (கானாடுகாத்தான் வாசகர்)

தேக்கை நினைத்து அவ்வளவு பயப்படாதீர்கள். கனத்த தேக்குத் தூண் சட்டென்று எரிந்து போகாது. மேல்புறம் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குச் சூடு இறங்காமல் தடுக்கும். இந்த மாதிரிக் கடின மரம் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் வாக்கில்தான் உள்ளே எரிந்துகொண்டு போகும். அரை மணி நேரம் எரிந்தாலும் ஒரு பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் போயிருக்கும், கட்டிப்பிடித்தால் கை எட்டாத தூணுக்கு அது பெரிய நஷ்டமில்லை. எங்களுக்குப் பயம் இரும்பைப் பார்த்துத்தான். பல வீடுகளில் அந்தக் காலத்திலேயே கப்பலில் வந்த இரும்பு உத்திரம் போட்டிருக்கிறார்கள். இரும்பு எரியாது, ஆனால் 550 டிகிரி வாக்கில் பாதி பலத்தை இழந்து வளைய ஆரம்பிக்கும், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம் அப்படியே உட்காரும். அதனால்தான் உள்ளே நுழையும் முன் "உத்திரம் மரமா, இரும்பா?" என்று வீட்டுக்காரரைக் கேட்பது வழக்கம். நீங்கள் சிங்கப்பூரில் இருந்தால் அதற்கு யார் பதில் சொல்வது? இதை முதலில் யோசியுங்கள்.

வளவை, அதாவது வீட்டு நடுவில் இருக்கும் முற்றப் பகுதியைச் சுற்றி இருக்கும் அறைகளில் என்ன அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை நின்று பாருங்கள். பழைய மெத்தை, பாய், பேப்பரில் சுற்றிய சீர் சாமான், பிளாஸ்டிக் நாற்காலி, போன கல்யாணத்துக்கு வாங்கிய அலங்காரத் துணி. தீக்கு வேண்டியது இதுதான். ஸ்பஞ்சும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வரும் கரும்புகை, நெருப்பு பக்கத்தில் வருவதற்கு முன்பே ஆளைச் சாய்த்துவிடும். அப்புறம் வயரிங். மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய வயரின் உறை வெடித்து உதிர்ந்திருக்கும், எலி வேறு கடித்திருக்கும். அந்த லைனிலேயே கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஏசியையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் மாட்டுவார்கள். வயரிங்கைப் புதிதாக மாற்றுங்கள், கசிவு மின்சாரத்தில் தானே விழும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் போடுங்கள். ஆனால் லூசான இணைப்பு சூடாவதை அதுவும் கண்டுபிடிக்காது. அதனால் ஊரைவிட்டுக் கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவதுதான் உத்தமம்.

இந்த வீடுகளின் அமைப்பில் ஒரு நல்லதும் இருக்கிறது, ஒரு கெட்டதும் இருக்கிறது. முற்றம் நல்லது. புகையும் சூடும் அது வழியாக மேலே போய்விடுவதால் வளவில் குனிந்து நகர எங்களுக்கு இடம் கிடைக்கும். கெட்டது, முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் இருக்கும் வாசல்கள். கோடையில் காற்றுக்காக வைத்தது தீக்கும் காற்றை இழுத்துக் கொடுக்கும். ஆகவே வீட்டைப் பூட்டும்போது தெருக்கதவோடு விடாமல் ஒவ்வொரு கட்டுக் கதவையும், ஒவ்வோர் அறைக் கதவையும் சாத்திவிட்டுப் போங்கள். அந்தக் காலத்து இரட்டைத் தேக்குக் கதவு சாத்தியிருந்தால் தீ அந்த அறைக்குள்ளேயே காற்றில்லாமல் முடங்கிக் கிடக்க வாய்ப்புண்டு.

அப்படி முடங்கிக் கிடக்கும் தீ இருக்கிற கதவை நீங்கள் திறக்கக் கூடாது. கதவு இடுக்கில் புகை வெளியே வருவதும் உள்ளே இழுப்பதுமாக இருந்தால், மேலே இருக்கும் கலர் கண்ணாடி கறுத்துப் போயிருந்தால், புறங்கையை வைத்தால் கதவு சுட்டால், உள்ளே எரியாத வாயு காற்றுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். திறந்தால் ஒரே வீச்சில் வெடித்து வெளியே வரும். எல்லாரையும் வெளியேற்றிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். மெயின் எங்கே, கிணறு எங்கே, சிலிண்டர் எங்கே, எந்த உத்திரம் இரும்பு என்று ஒரு தாளில் வரைந்து அதையும் சாவியோடு கொடுத்துவையுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு கடை எரிந்தபோது வந்த தீயணைப்பு வீரர்கள் உடனே தண்ணீர் அடிக்காமல் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஜனங்கள் கத்தினோம். ஏன் இந்தத் தாமதம்? (தேவகோட்டை வாசகர்)

உங்கள் ஆத்திரம் புரிகிறது. பொருள் கண்முன்னால் எரியும்போது அரை நிமிடம்கூட யுகமாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சுற்று வேலையில் ஒரு பகுதி. ஒரு வண்டியில் இருக்கும் தண்ணீர் சாதாரணமாக 4,500 லிட்டர் அளவுதான். பெரிய பிராஞ்ச் (ஓஸ் நுனியில் தண்ணீரைப் பீய்ச்சும் குழல்) ஒன்றைத் திறந்தால் நிமிடத்துக்கு 450 லிட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்தே நிமிடத்தில் டேங்க் காலி. அதைப் புகையைப் பார்த்து அடித்துத் தீர்த்துவிட்டால் நிஜமாகத் தீ இருக்கும் இடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. தீ எந்த அறையில், ஆள் உள்ளே இருக்கிறார்களா, கரண்ட் துண்டித்தாகிவிட்டதா, காற்று எந்தப் பக்கம், பின்பக்கம் என்ன நிறத்தில் புகை வருகிறது, இவ்வளவும் தெரிந்துகொள்ள ஒரு சுற்று வந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்காக விரியும். கொதிக்கும் அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரைக் கொட்டினால், அந்த ஆவி உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கும் எங்கள் ஆளையே வேகவைத்துவிடும். மேலே தேங்கி நிற்கும் புகையும் எரியக்கூடிய பொருள்தான். அறை 600 டிகிரியை நெருங்கும்போது அந்தப் புகை உட்பட எல்லாமே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். 1980களில் ஸ்வீடன் நாட்டுத் தீயணைப்புக்காரர்கள் இதற்கு ஒரு வழி வகுத்தார்கள். பிராஞ்சைப் பனித்துளி மாதிரி நுண்ணிய தெளிப்புக்கு வைத்து, மேலே இருக்கும் புகைக்குள் ஒரு நொடி திறந்து மூடுவது, மறுபடி ஒரு நொடி, மறுபடி பார்ப்பது. துளி புகையிலேயே ஆவியாகி அதைக் குளிரவைக்கும், அறையும் ஆவியால் நிறையாது. வெளியில் நிற்பவர்களுக்கு "என்னப்பா, சொட்டுச் சொட்டாக அடிக்கிறான்" என்றுதான் தோன்றும்.

அடுத்த முறை சத்தம் போடுவதற்குப் பதிலாக ஒருவர் முன்னால் வந்து, "மாடியில் ஒருவர் இருக்கிறார், பின்னால் தின்னர் டப்பா இருக்கிறது" என்று சொன்னால் அது இன்னொரு வண்டி வந்த மாதிரி.

கேள்வி: கல்யாண வீடுகளில் பலகாரம் போடுகிறேன். சீயமும் மணகோலமும் போடும் பெரிய இருப்புச்சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் என்ன செய்வது, ஐயா? (காரைக்குடி வாசகி)

தண்ணீர் மட்டும் வேண்டாம் ஆச்சி. எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைப் பந்தல் உயரத்துக்குத் தூக்கி எறியும். முதலில் அடுப்பை அணையுங்கள், பிறகு சட்டியை மூடுங்கள். இவ்வளவு பெரிய சட்டிக்கு எந்த வீட்டிலும் மூடி கிடையாது, அதனால் சட்டி வாயைவிட அகலமாக ஒரு தகரத் தகடு, பிடிக்க நீளக் கைப்பிடி வைத்து அடித்து வாங்கிக்கொள்ளுங்கள், கரண்டி, ஜல்லிக்கரண்டியோடு அதுவும் உங்கள் சாமானில் எப்போதும் போகட்டும். முகத்துக்கு நேரே கேடயம் போலப் பிடித்துக்கொண்டு உங்களிடமிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்து மூடுங்கள். தீ அடங்கியதும் ஆசையாகத் திறந்து பார்க்கக் கூடாது, எண்ணெய் இன்னும் சூடாக இருந்தால் காற்றுப் பட்டதும் தானே பற்றும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவே கூடாது.

கோட்டை அடுப்பைப் பந்தலுக்குக் கீழே போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். இப்போது கீற்றுக்குப் பதில் அலங்காரத் துணி வந்திருக்கிறது, அது எரிந்து உருகித் தோலில் ஒட்டும்.

கேள்வி: பயிற்சி முடித்து இந்தப் பக்கத்து நிலையத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சீனியர் அண்ணன்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். தீ என்று வரும் கால் (அழைப்பு) ஒன்றுக்குப் போய் முடித்து வந்தால் டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம். எப்படிக் கற்றுக்கொள்வது? (பெயர் வேண்டாம் என்று எழுதிய தம்பி)

தம்பி, வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். அந்த டீயை விடாதீர்கள், ஆனால் கலைவதற்கு முன்னால் அங்கேயே மூன்று கேள்வி. போனபோது என்ன பார்த்தோம்? என்ன செய்தோம்? அடுத்த தடவை எதை மாற்றுவோம்? இதில் வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும், அலுவலர் கடைசியில். அலுவலர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் "ஆமாம் சார்" என்று முடித்துவிடுவார்கள். யார் மேல் தப்பு என்று தேடும் பேச்சாக இது ஆகிவிட்டால் மறுநாளே செத்துவிடும். பேசியதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், இரவு ஷிப்டுக்கு வருபவர்களும் பக்கத்து நிலையத்துக்காரர்களும் படிக்கட்டும்.

அண்ணன்கள் ஆளுக்கொன்று சொல்வது ஏன் தெரியுமா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு தீயைப் பார்த்திருக்கிறார்கள். "எப்படிச் செய்வது" என்று கேட்காமல் "எங்கே அண்ணே அப்படி நடந்தது?" என்று கேளுங்கள். காரணத்தோடு வரும் பாடம்தான் நிற்கும்.

உதாரணத்துக்கு ஊருணி. நம் ஊர்களில் வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கும் தெருக்குழாயான ஹைட்ரண்ட் கிடையாது, தண்ணீர் என்றால் ஊருணியோ கண்மாயோ கிணறோ. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, குழாயிலிருந்து காற்றை எடுத்துவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால் கணக்குப்படி 10 மீட்டருக்குச் சற்று மேல், நடைமுறையில் 7 மீட்டர் வாக்கில்தான் ஏறும். சித்திரையில் ஊருணி படிக்கட்டின் அடிவரை வற்றிக் கிடக்கும்போது வண்டியைக் கரைமேல் நிறுத்திவிட்டு "பம்பு ரிப்பேர்" என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. எந்த ஊருணிக்கு எந்தப் பக்கம் வண்டி இறங்கும், எங்கே தூக்கிச் செல்லும் பம்புதான் வைக்க முடியும் என்று மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை போய்ப் பார்த்து வையுங்கள்.

சக்‌ஷன் ஓஸை, அதாவது பம்புக்குத் தண்ணீர் ஏறும் குழாயைப் போடும்போது நுனியில் சல்லடை, அதற்கு மேல் பிரம்புக் கூடை, இரண்டும் இருக்க வேண்டும். கூடையைக் கயிற்றில் கட்டிச் சேற்றைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். மேலேயும் போதுமான தண்ணீர் நிற்க வேண்டும், இல்லையென்றால் சுழி விழுந்து காற்றை உறிஞ்சும். தாமரைக்கொடி இருக்கும் ஊருணியில் ஒருவர் கூடையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இவ்வளவும் செய்தும் தண்ணீர் ஏறவில்லையா? குழாய்கள் இணையும் கப்ளிங்குக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கட்டை விரல் அகல ரப்பர் வாஷர் ஒன்று கழன்று விழுந்திருக்கும், அல்லது மணல் ஒட்டியிருக்கும். அந்த இடைவெளியில் காற்று போனால் எவ்வளவு பெரிய பம்பும் வெறுமனே கத்தும். பாக்கெட்டில் எப்போதும் இரண்டு வாஷர் வைத்திருங்கள். நனைந்த ஓஸை அப்படியே சுருட்டாமல் காயவைத்து, போன தடவை மடித்த இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் மடித்துச் சுருட்டுங்கள்.

மூச்சுக்கருவி பற்றி ஒன்று. 6 லிட்டர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 45 நிமிடம் வரும், ஆனால் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பதற்றத்தோடு வேலை செய்யும்போது அவ்வளவு நேரம் வராது. அழுத்தம் 55 பார் வாக்குக்கு இறங்கியதும் கருவி எச்சரிக்கையாக விசில் அடிக்கும். விசில் அடித்த பிறகு திரும்பலாம் என்பது சின்ன வீட்டுக்குச் சரியாக வரலாம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலும் இருக்கும் நம் ஊர் வீட்டில் மூன்றாம் கட்டில் நிற்கும்போது விசில் அடித்தால் வாசல் ரொம்ப தூரம். போக எவ்வளவு செலவானது என்று மீட்டரைப் பார்த்து, வர அதைவிட அதிகம் வைத்துத் திரும்புங்கள்.

கடைசியாக, நம் ஆட்கள் எல்லாருமே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம். 1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவில் மோன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. காட்டுத்தீயை அணைக்க விமானத்திலிருந்து குதித்த குழுவை நோக்கித் தீயே புல் சரிவில் ஏறி ஓடிவந்தது. தலைவர் வாக்னர் டாட்ஜ் நின்று, முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்து போன கரிக்குள் படுத்துக்கொண்டார், மற்றவர்களையும் கூப்பிட்டார். யாரும் வரவில்லை, அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். அவர் பிழைத்தார். 13 பேர் இறந்தார்கள். அந்த யோசனை சரியானதுதான், ஆனால் அதை அந்த நிமிடத்துக்கு முன்னால் அவர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. தீ துரத்தும்போது சொல்லும் புதுப் பாடம் காதில் ஏறாது. 2018 மார்ச்சில் நம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நீங்களும் அறிவீர்கள். தைலமரத் தோப்பிலோ கண்மாய்க்கரைப் புல்லிலோ தீ என்றால் சரிவில் மேல்நோக்கி ஓடாதே, எரிந்து முடிந்த கரி நிலம்தான் பத்திரமான இடம் என்பதை வண்டியில் ஏறுவதற்கு முன்பே எல்லாரும் பேசி வைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 14 அன்று நிலையத்தில் மலர்வளையம் வைப்பீர்கள் இல்லையா? 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலில் 66 தீயணைப்பு வீரர்கள் போனதற்காக. பருத்திப் பொதியும் வெடிபொருளும் ஒரே கப்பலில் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் எந்தக் கிட்டங்கியிலும் காலை வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கோயில் முழுக்கக் கருங்கல். பிரகாரத்தில் கடைகள் இருப்பதால் ஆபத்து என்கிறார்கள். கல் எரியுமா என்ன? (பிள்ளையார்பட்டி அருகிலிருந்து ஒரு வாசகர்)

எரியாது, ஆனால் உடையும். 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கடைகளில் பிடித்த தீ வீரவசந்தராயர் மண்டபத்தை என்ன செய்தது என்று பார்த்தோமே. கருங்கல்லில் இருக்கும் ஒரு வகைப் படிகம் 573 டிகிரியில் திடீரென்று விரியும், கல் பட்டையாக உரிந்து வெடிக்கும். மேலே போட்டிருக்கும் கல் பலகைக்கு இழுவிசையைத் தாங்கும் சக்தி குறைவு, விரிசல் விட்டால் முன்னெச்சரிக்கை இல்லாமல் விழும். தேக்கு முனகி எச்சரிக்கும், கல் அதைச் செய்யாது. சூடேறிய கல்மேல் வேகமான தண்ணீர் பட்டால் இன்னும் மோசம், அதனால் எரியும் சாமானைக் குறிவைத்துத்தான் அடிப்போம். பிளாஸ்டிக் பொம்மையும் துணியும் விற்கும் கடை கல் மண்டபத்துக்குள் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெளியே திறந்தவெளியில் இடம் கொடுங்கள், அவர்கள் பிழைப்பும் கெடாது.

கேள்வி: வைக்கோல் படப்பு எரிந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் மறுநாள் புகைகிறதே? (ஆத்தங்குடி விவசாயி)

மேலே ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், உள்ளே இறங்காது. கவைக்கம்பாலோ ஜேசிபியாலோ பிரித்துப் பரப்பி நனைத்தால்தான் அணையும். தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கலந்தால் நன்றாக ஊடுருவும். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறித் தானே பற்றுவதும் உண்டு, காயாமல் படப்புப் போடாதீர்கள். கரண்ட் கம்பிக்கு அடியிலும் வேண்டாம்.

கேள்வி: ஈரச்சாக்கைப் போட்டுச் சிலிண்டர் தீயை அணைப்பதைப் பள்ளியில் செய்துகாட்டினார்கள். வீட்டில் நாமே செய்யலாமா? எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? (கோட்டையூர் கல்லூரி மாணவி)

வாய்ப்பகுதியில் மட்டும் சின்னதாக எரிந்து, மூடியதும் உடனே வால்வை அடைக்க முடியும் என்றால் செய்யலாம் மகளே. அடைக்க முடியாது என்றால் தீயை அணைப்பதே தப்பு. வெளியே வரும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி அடுத்த அறை விளக்கைத் தொட்டு மொத்தமாக வெடிக்கும். சிலிண்டரின் உடலை நெருப்பு நக்கிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் வெளியேறுங்கள். தீ இல்லாமல் வாடை மட்டும் வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே போய் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் பேசுங்கள். தீ என்றால் 101 அல்லது 112. பேசும்போது வீட்டு விலாசத்தை மட்டும் சொன்னால் உள்ளூர்க்காரருக்குத்தான் புரியும், வண்டி ஓட்டுபவர் வெளியூராக இருக்கலாம். எந்த ஊருணி, எந்தக் கோயில் பக்கம், வீடு இரண்டு தெருவுக்கும் ஓடினால் புகை எந்தத் தெருப் பக்கம், தெருவில் பந்தல் போட்டிருக்கிறார்களா என்று சொல்லிவிட்டு, ஒருவரை முக்கில் நிற்க வையுங்கள்.